இடுப்பெலும்பு முறிவு ஆபரேஷன் தள்ளிப்போகும்போது: வீட்டார் கேட்கும் கேள்விகள்

வயதானவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டால், அடுத்த இரண்டு நாளில் வார்டு வாசலில் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆபரேஷன் எப்போது, ஏன் தள்ளிப்போடுகிறார்கள், தள்ளிப்போனால் உயிருக்கு ஆபத்தா? அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உங்கள் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று இல்லை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

இடுப்பெலும்பு முறிவு என்கிறார்களே, முறிவது எது?

தொடை எலும்பின் மேல்முனை. இடுப்புக் குழிக்குள் பொருந்தும் பந்துக்குக் கீழே உள்ள, எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிந்து எலும்பு விலகியிருந்தால், வயதானவர்களுக்குப் பெரும்பாலும் பாதி மூட்டை அல்லது முழு மூட்டை மாற்றுவார்கள். கழுத்துக்கும் கீழே முறிந்தால் கம்பியோ பிளேட்டோ வைப்பார்கள். இந்த இரண்டாவது வகையில் தசைக்குள்ளேயே நிறைய ரத்தம் கசியும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

எத்தனை மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும்?

பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2011 முதல் சொல்வது: சேர்த்த அன்றே, இல்லாவிட்டால் மறுநாள். அங்கே 2010 முதல் 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வதையும் ஒரு நிபந்தனையாக வைத்து மருத்துவமனைகளுக்குக் கூடுதல் தொகை தருகிறார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் அமைப்பு 2021இல் 24 முதல் 48 மணி நேரம் என்றது. ஆக, இரண்டு நாளைத் தாண்டக் கூடாது என்பதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

படுத்திருப்பதில் அப்படி என்ன ஆபத்து?

எலும்பு மட்டும்தானே முறிந்திருக்கிறது, இரண்டு நாள் படுத்திருந்தால் என்ன என்று தோன்றும். முறிந்த காலோடு படுத்திருப்பவர் புரண்டு படுக்க மாட்டார், வலி அப்படி. ஆழமாக மூச்சு இழுக்கவும் இருமவும் மாட்டார். நுரையீரலின் கீழ்ப்பகுதியில் சளி தேங்கி நிமோனியாவாகும். அசையாத காலில் ரத்தம் உறையும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். முதுகின் கீழ்ப்பகுதியிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் தொடங்க ஒரு நாளே போதும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதன் வழியே கிருமி ஏறும். வலி, தூக்கமின்மை, புது இடம் மூன்றும் சேர்ந்து பாட்டி மகனையே அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பிப்பார். வயதானவருக்குக் கொஞ்ச நாள் படுக்கையிலேயே கணிசமான தசை போய்விடும், திரும்ப வருவது கடினம்.

இடுப்பெலும்பு முறிந்தவர்கள் பெரும்பாலும் முறிவினால் இறப்பதில்லை. நிமோனியா, இதயச் செயலிழப்பு, மாரடைப்பு, ரத்தத்தில் கிருமித் தொற்று, இவைதான் கொண்டுபோகின்றன.

தாமதத்தால் இறக்கிறார்களா, தாமதத்துக்குக் காரணமான நோயால் இறக்கிறார்களா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். மருத்துவ உலகமும் இதோடு பல வருடம் மல்லுக்கட்டியது.

பழைய ஆய்வுகள் எளிமையாகக் கணக்குப் போட்டன: சீக்கிரம் ஆபரேஷன் ஆனவர்கள் எத்தனை பேர் இறந்தார்கள், தாமதமானவர்கள் எத்தனை பேர். 2008இல் வந்த ஒரு தொகுப்பாய்வு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தகவலைச் சேர்த்துப் பார்த்து, 48 மணி நேரத்தைத் தாண்டினால் 30 நாள் மரண வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடுகிறது என்றது. கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் யாருடைய ஆபரேஷன் தள்ளிப்போகும்? ஏற்கெனவே இதயம் பலவீனமானவர், சிறுநீரகம் கெட்டவர், நெஞ்சில் சளி கட்டியவர். அவர்கள் நேரத்துக்கு ஆபரேஷன் ஆகியிருந்தாலும் மற்றவர்களைவிட அதிகமாகத்தான் இறந்திருப்பார்கள்.

இதைப் பிரித்துப் பார்க்க முயன்றவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 2660 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வில், சேரும்போதே அவசரச் சிகிச்சை தேவைப்பட்ட உடல்நலக் கோளாறு இருந்தவர்களில் 17 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். ஆபரேஷனுக்குத் தகுதியாக இருந்தவர்களைவிட இது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. தகுதியாக இருந்தவர்களிடம் நான்கு நாள் வரையிலான தாமதம் மரணத்தைக் கூட்டவில்லை. நான்கு நாளைத் தாண்டியபோது 90 நாள் மரணமும் ஒரு வருட மரணமும் கூடின.

அடுத்தது ஸ்பெயின், 2011. இதில் 2250 நோயாளிகள். சேர்ந்ததிலிருந்து ஆபரேஷன் வரை சராசரியாக 72 மணி நேரம் காத்திருந்தார்கள். ஏன் காத்திருந்தார்கள் என்றும் எழுதி வைத்தார்கள், அதுதான் இந்த ஆய்வின் அருமை. தாமதங்களில் சுமார் 60 சதவீதத்துக்குக் காரணம் ஆபரேஷன் தியேட்டர் கிடைக்காதது. உடல்நலக் கோளாறு வெறும் 33 சதவீதம். தாமதத்துக்கும் மரணத்துக்கும் இருப்பதாகத் தெரிந்த தொடர்பு, உடல்நலக் காரணங்களைக் கணக்கில் எடுத்ததும் பெரும்பகுதி கரைந்துபோனது. மிக நீண்ட தாமதத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

அப்படியானால் தாமதம் ஒன்றும் செய்யாதா? அப்படியும் முடித்துவிட முடியாது. கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் 42,230 நோயாளிகளை வைத்து 2017இல் வந்த ஆய்வு, வயதும் நோய்களும் ஒத்தவர்களாக ஜோடி சேர்த்து ஒப்பிட்டது. 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் 30 நாளில் இறந்தவர்கள் 5.8 சதவீதம், தாண்டியவர்களில் 6.5 சதவீதம். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இருக்கிறது.

என் கணிப்பு இது: நோய் பெரிய குற்றவாளி, தாமதம் அதற்கு உடந்தை. அந்த நோயைச் சரிசெய்யச் செலவாகும் நேரம் வீண் இல்லை. யாரும் எதையும் சரிசெய்யாமல் வெறுமனே கழியும் நேரம்தான் வீண்.

ஆறு மணி நேரத்திலேயே செய்துவிட்டால் இன்னும் நல்லதா?

அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இந்தியா உட்பட 17 நாடுகள், 69 மருத்துவமனைகள், 2970 நோயாளிகள், முடிவு வந்தது 2020இல். ஒரு குழுவுக்கு முறிவு உறுதியானதிலிருந்து சராசரியாக 6 மணி நேரத்தில் ஆபரேஷன், மற்றதற்கு 24 மணி நேரத்தில். 90 நாள் மரணம் 9 சதவீதம், 10 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைந்தன, சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். இந்த ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவே 24 மணி நேரத்தில் தியேட்டருக்குப் போய்விட்டது என்பதை மறக்கக் கூடாது. நான்காம் நாள் ஆபரேஷன் செய்தாலும் ஒன்றும் ஆகாது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

எந்தக் காரணத்துக்காகத் தள்ளிப்போடுவது நியாயம்?

பிரிட்டனின் மயக்க மருத்துவர்கள் சங்கம் 2011இல் வெளியிட்ட பட்டியல் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் எண்கள் இருக்கின்றன. ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழ். சோடியம் 120க்குக் கீழ் அல்லது 150க்கு மேல். பொட்டாசியம் 2.8க்குக் கீழ் அல்லது 6க்கு மேல். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய். திடீரென வந்த அல்லது கட்டுப்படாத இதயச் செயலிழப்பு. நிமிடத்துக்கு 120ஐத் தாண்டி ஓடும், சரிசெய்யக்கூடிய இதயத் துடிப்புக் கோளாறு. உடல் முழுக்கப் பரவும் அளவுக்கு நெஞ்சுத் தொற்று. சரிசெய்யக்கூடிய ரத்த உறைதல் கோளாறு. இவ்வளவுதான்.

ஏற்கத் தகாத காரணங்களையும் அவர்களே எழுதினார்கள்: தியேட்டர் இல்லை, அறுவை மருத்துவர் இல்லை, எக்கோ என்ற இதய ஸ்கேனுக்காகக் காத்திருக்கிறோம், உப்பு லேசாகக் குறைந்திருக்கிறது. நம் ஊர் வார்டுகளில் காதில் விழும் காரணங்களில் பாதி இந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கும்.

"உப்பு குறைந்திருக்கிறது" என்கிறார்கள். சோடியம் 128. காத்திருக்க வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். வயதானவர்களில், அதுவும் பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களில், இந்த அளவு அடிக்கடி பார்ப்பதுதான். அந்த மாத்திரையை நிறுத்தி, ஏன் குறைந்தது என்று பார்த்துக்கொண்டே ஆபரேஷனுக்குப் போகலாம். மிகவும் குறைந்திருந்தால் கதை வேறு, அப்போது காத்திருக்கத்தான் வேண்டும். அவசரப்பட்டு மளமளவென்று ஏற்றினால் மூளைத்தண்டு பாதிக்கப்படும் என்பதால் மெதுவாகவே ஏற்றுவார்கள். அங்கே மருத்துவரை விரட்டாதீர்கள்.

சர்க்கரை 300 இருக்கிறது, பி.பி.யும் ஏறிக் கிடக்கிறது.

விழுந்து அடிபட்ட உடம்பில் இரண்டும் ஏறும். ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரவில்லை, உடம்பில் நீர் வற்றவில்லை என்றால் இன்சுலின் கொடுத்துக்கொண்டே ஆபரேஷன் செய்யலாம். சர்க்கரை 140க்கு வரட்டும் என்று மூன்று நாள் உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. பி.பி.க்கு முதல் மருந்து பெரும்பாலும் நல்ல வலி நிவாரணம்தான்.

ஃபிட்னஸ் (ஆபரேஷனுக்கு உடல் தகுதி என்ற சான்று) கிடைக்கவில்லை, எக்கோ எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

தாமதத்துக்கு இதைவிடப் பொதுவான காரணம் இருக்குமா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை சேர்த்தவருக்குத் திங்கட்கிழமை எக்கோ, செவ்வாய்க்கிழமை இதய மருத்துவர் கையெழுத்து, புதன்கிழமை தியேட்டர். எக்கோவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டு, நடந்தால் மூச்சு வாங்குவது, மயங்கி விழுவது, நெஞ்சுவலி இதில் ஏதாவது இருந்தால் பெருந்தமனி வால்வு சுருங்கியிருக்கலாம். மயக்க மருத்துவருக்கு அது தெரிவது நல்லது. தெரிந்தால் என்ன மாறும்? மருந்து கொடுக்கும் விதம் மாறும், ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி பார்க்கத் தமனியில் குழாய் போடுவார்கள், பின்பு தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை ஒதுக்குவார்கள். ஆபரேஷன் செய்வதா இல்லையா என்பது அநேகமாக மாறாது. உடனே எடுக்க முடியாவிட்டால், வால்வு சுருங்கியிருப்பதாகவே வைத்துக்கொண்டு எச்சரிக்கையாக மயக்கம் கொடுக்க அனுபவமுள்ளவர்களால் முடியும்.

அதனால் கேட்க வேண்டியது இது: "எக்கோ ரிப்போர்ட் வந்தால் நீங்கள் எதை மாற்றிச் செய்வீர்கள் டாக்டர்? எத்தனை மணிக்கு எடுப்பார்கள்?" பணிவாகவே கேட்கலாம். மற்ற பரிசோதனைகளுக்கும் இதே கேள்விதான்.

மாரடைப்புக்கான ரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின் கூடியிருக்கிறது. இப்போது ஆபரேஷன் செய்யலாமா?

நெஞ்சுவலியும் ஈ.சி.ஜி. மாற்றமும் சேர்ந்த நிஜமான மாரடைப்பு என்றால் இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது. ஆனால் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலருக்கு, ரத்த இழப்பாலும் வலியாலும் இதயம் சிரமப்பட்டு, ட்ரோபோனின் மட்டும் கூடியிருக்கும். மேலே சொன்ன 17 நாடுகள் ஆய்வில் இப்படிப்பட்ட 322 பேரைத் தனியாகப் பார்த்தபோது, சீக்கிரம் ஆபரேஷன் செய்த குழுவில் 10 சதவீதமும் மற்றதில் 23 சதவீதமும் இறந்திருந்தார்கள். சிறு குழுவை வைத்துப் பின்னால் போட்ட கணக்கு, இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் "இதயம் சரியில்லை, அதனால் காத்திருப்போம்" என்ற பழைய வழக்கத்தை மறுபடி யோசிக்க வைக்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் "ஐந்து நாள்" என்று ஒரே பதில் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆஸ்பிரின் என்றால் காத்திருக்கவே தேவையில்லை. குளோபிடோக்ரல் உடம்பை விட்டு முழுக்க விலக ஒரு வாரம் ஆகும். அவ்வளவு நாள் படுக்கப் போடுவது அதைவிட ஆபத்து என்பதால், முதுகில் மரத்துப்போக ஊசி போடாமல் முழு மயக்கம் கொடுத்து, ரத்தம் கைவசம் வைத்துக்கொண்டு செய்வதே இன்றைய பரிந்துரை. சமீபத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) பார்ப்பார்கள். தானாக இறங்கட்டும் என்று விட்டால் நான்கைந்து நாள் ஓடிவிடும். வைட்டமின் கே ஊசி போட்டால் பெரும்பாலும் அரை நாளில் இறங்கத் தொடங்கும், மறுநாள் ஆபரேஷன் நடக்கலாம். தாமதத்தைச் சுலபமாகக் குறைக்கக்கூடிய இடம் இது. செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு மட்டும் இதய மருத்துவரைக் கேட்டுச் செய்வார்கள்.

அபிக்ஸபான், ரிவரோக்ஸபான், டாபிகாட்ரான் போன்ற புதியவை என்றால் கடைசி மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்ற இரண்டையும் வைத்து ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை காத்திருப்பார்கள். அந்த நேரத்தை வீட்டில் இருப்பவர்தான் சொல்ல முடியும். விழுந்த அன்றே ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

ஹீமோகுளோபின் சேரும்போது 11 இருந்தது, மறுநாள் 8.5 என்கிறார்கள். தவறாகப் பார்த்துவிட்டார்களா?

இல்லை. ரத்தம் தசைக்குள் கசிந்துகொண்டிருந்தது. சேரும்போது உடம்பில் நீரும் குறைவாக இருந்ததால் எண் நன்றாகக் காட்டியது, சலைன் ஏற்றியதும் உண்மை தெரிந்தது. அதனால்தான் "ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவாருங்கள்" என்று சொன்னால் அன்றைக்கே ஏற்பாடு செய்ய வேண்டும். ரத்தம் ஏற்பாடாகாமல் ஒரு நாள் போவது அநியாயம். எல்லோருக்கும் 10க்கு மேல் ஏற்ற வேண்டும் என்ற அவசியமும் இல்லை. இதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ள 2,016 பேரை வைத்து 2011இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு 10க்குக் கீழே போனாலே ஏற்றியவர்களுக்கும் 8க்குக் கீழே போகும்வரை பொறுத்தவர்களுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை.

நெஞ்சில் சளி. அது சரியான பிறகு ஆபரேஷன் என்கிறார்கள்.

படுத்துக்கிடக்கும்வரை அது சரியாகாது, சிக்கலே அதுதான். எழுந்து உட்கார்ந்தால்தான் சளி வெளியேறும், ஆபரேஷன் ஆனால்தான் எழுந்து உட்காருவார். ஆன்டிபயாட்டிக்கும் ஆக்சிஜனும் பிசியோதெரபியும் உடனே தொடங்கி, மூச்சு கொஞ்சம் நிலைப்பட்டதும் செய்துவிடுவதே நல்லது. கிருமி ரத்தத்தில் பரவி பி.பி. இறங்கியிருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

1600 பேரை வைத்து 2021இல் ஒப்பிட்டதில் நடப்பது, உயிர் பிழைப்பது, மனக்குழப்பம் எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதற்காக ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

காத்திருந்தே ஆக வேண்டும் என்றால் அந்த நேரத்தில் என்ன செய்யலாம்?

முதலில் வலி. தொடையின் மேற்பகுதியில் நரம்பு மரக்க ஒரு ஊசி போடுவார்கள், பத்து நிமிட வேலை. முதியவருக்கு மயக்கம் தரும் வலி மருந்துகளின் தேவையை அது வெகுவாகக் குறைக்கும். போடவில்லை என்றால் கேளுங்கள். காலில் எடை கட்டித் தொங்கவிடுவதால் வலி குறைவதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை, பழக்கத்தால் தொடர்கிறது.

அப்புறம் பட்டினி. "நாளைக்கு ஆபரேஷன், ராத்திரியிலிருந்து ஒன்றும் கொடுக்காதீர்கள்" என்பார்கள். மறுநாள் மாலை "இன்றைக்கு இல்லை" என்பார்கள். மூன்று நாள் இப்படி நடந்தால் சிறுநீரகம் கெட்டு, தள்ளிப்போட இன்னொரு காரணம் உண்டாகிவிடும். ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் கொடுக்கலாம் என்பதே பொது விதி. உங்கள் நோயாளிக்கு அது பொருந்துமா என்று மயக்க மருத்துவரைக் கேளுங்கள். ஆபரேஷன் ரத்து என்று தெரிந்த அந்த நிமிடமே சாப்பாடு கொடுக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடியும் காது மெஷினும் கையில் இருக்கட்டும், மனக்குழப்பம் குறையும். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறார்களா என்றும் கேளுங்கள்.

புத்தூர் கட்டு போட்டுப் பார்க்கலாமா?

மணிக்கட்டு முறிவுக்குக் கட்டு என்றால் ஒரு விவாதம் உண்டு. இடுப்பில் கிடையாது. அந்த மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் முறிந்த எலும்பை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், வெளியிலிருந்து எந்தக் கட்டும் அதைப் பிடிக்காது. எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிந்திருந்தால் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுந்திருக்கலாம். கட்டுப் போட்டுப் பார்த்து, பத்து நாள் கழித்துப் படுக்கைப் புண்ணோடு மருத்துவமனைக்கு வருபவர்தான் உண்மையிலேயே தாமதத்தால் பாதிக்கப்பட்டவர்.

அப்பாவுக்கு 90 வயது, ஏற்கெனவே படுத்த படுக்கை, ஆளே தெரியாது. அவருக்கும் ஆபரேஷன் வேண்டுமா?

வயது மட்டும் காரணமாகாது. நடமாடிக்கொண்டிருந்த 90 வயதுக்காரருக்குக் கண்டிப்பாகச் செய்யலாம். நீங்கள் சொல்வது வேறு நிலை. நெதர்லாந்தில் பராமரிப்பு இல்லங்களில் இருந்த, மிகவும் தளர்ந்த 172 பேரின் குடும்பங்களோடு பேசி முடிவெடுத்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேர் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். அவர்களில் 83 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள், ஆபரேஷன் செய்தவர்களில் 25 சதவீதம். ஆனால் இருந்த நாட்களின் தரம் ஆபரேஷன் செய்தவர்களைவிட மோசமாக இல்லை, ஏனென்றால் வலியைப் போக்குவதில் முழுக் கவனம் வைத்தார்கள். வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒரு சிகிச்சைத் திட்டமாக இருக்க வேண்டும். ஆபரேஷனும் இல்லாமல் வலி மருந்தும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது கொடுமை.

ஏற்கெனவே ஆறு நாள் ஆகிவிட்டது. இனிமேல் செய்து பயன் உண்டா?

உண்டு. காலம் கடந்துவிட்டது என்று கைவிடுவதற்கான கெடு எதுவும் இல்லை. மூட்டு மாற்றுவதாக இருந்தால் தாமதத்தால் ஆபரேஷனே முடியாமல் போவதில்லை. கம்பி வைப்பதாக இருந்தால் எலும்பை நேராக்கக் கொஞ்சம் கூடுதல் சிரமம் இருக்கும். இத்தனை நாள் படுத்திருந்ததால் காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுத்துப் பார்க்கச் சொல்லலாம், அன்றைக்கே கிடைத்தால். புண், சளி, சிறுநீர்த் தொற்று, உப்பு, ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை பார்ப்பார்கள், முதல் நாள் எடுத்த ரிப்போர்ட் இப்போது செல்லாது. மறுபடி ஏதாவது சரியில்லை என்று சொன்னால், எதற்கு என்ன மருந்து, மறுபரிசோதனை எத்தனை மணிக்கு, எந்த எண் வந்தால் தியேட்டருக்குப் போவோம் என்ற மூன்றையும் டூட்டி டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்தால் மறுநாளே கட்டிலை விட்டு இறக்கி உட்கார வைப்பார்கள். வலிக்கிறது, பாவம் என்று அதைத் தடுக்காதீர்கள்.